உலாவிப் புதுப்பிப்பு: நிறுத்த வேண்டாம், நேரத்தை நீங்கள் குறியுங்கள்

(திரையில்: குரோம் உலாவியின் வலது மேல் மூலை பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.)

வணக்கம். உலாவியை மறுதொடக்கம் செய்யச் சொல்லும் அறிவிப்பு இந்த மூலையில் சில நாட்களாகத் தெரிந்துகொண்டே இருந்தால், புதிய பதிப்பு உங்கள் கணினிக்கு வந்துசேர்ந்துவிட்டது, ஆனால் நீங்கள் இன்னும் பழைய பதிப்பில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். தானியங்கிப் புதுப்பிப்பு என்றால் எல்லாமே தானாக முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பதிவிறக்கம் தானாக நடக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் உலாவியை முழுவதுமாக மூடித் திறக்கும் வரை அது நடைமுறைக்கு வராது. மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்திவிட்டு, வாரக்கணக்கில் உலாவியை மூடாமலே பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இந்தத் தாமதம் ஏன் ஆபத்தானது? 2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி வகைப் படங்களைத் திரையில் காட்ட உதவும் லிப்வெப்பி என்ற நிரல் நூலகத்தில் (பல மென்பொருள்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில்) ஒரு கடுமையான பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டது. தீய நோக்கத்துடன் உருவாக்கப்பட்ட ஒரு படம் உலாவியில் திறந்தாலே தாக்குதலுக்கு வழி பிறக்கும் என்ற நிலை. திருத்தம் வருவதற்கு முன்பே அந்தக் குறையைச் சிலர் பயன்படுத்தவும் தொடங்கியிருந்தார்கள். குரோமுக்கு 11ஆம் தேதியும் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு மறுநாளும் திருத்தம் வெளியானது. அந்தத் திருத்தம் பதிவிறங்கியும் உலாவியை மூடித் திறக்காதவர்களுக்கு, அது இருந்தும் இல்லாததுபோல்தான்.

இன்னொன்றும் உண்டு. குரோமின் அடித்தளமான குரோமியம் ஒரு திறந்த மூலத் திட்டம் என்பதால், அதில் செய்யப்படும் திருத்தத்தை எவரும் படிக்கலாம். எதைத் திருத்தினார்கள் என்று ஆராய்ந்தால், பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். திருத்தம் வெளிப்படையாவதற்கும் அது உங்கள் கணினிக்கு வந்துசேர்வதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே, 2023 ஆகஸ்டில் வந்த 116ஆம் பதிப்பு முதல் கூகுள் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது.

(திரையில்: மூன்று புள்ளி மெனு, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம்.)

இந்தப் பக்கத்தைத் திறந்தவுடனேயே குரோம் புதிய பதிப்பைத் தேடும். ரீலாஞ்ச் என்ற பொத்தான் தெரிந்தால் அதை அழுத்துங்கள். திறந்திருந்த தாவல்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும்; மறைநிலைச் சாளரங்கள் மட்டும் திரும்பாது. பாதி நிரப்பிய படிவம் இருந்தால், முதலில் அதைச் சமர்ப்பித்துவிட்டு அழுத்துவது நல்லது.

(திரையில்: ஃபயர்பாக்ஸ், செட்டிங்ஸ், ஜெனரல்.)

ஃபயர்பாக்ஸ் உங்களுக்கு ஒரு தேர்வைத் தருகிறது. புதுப்பிப்பைத் தானாகவே நிறுவலாம். அல்லது புதிய பதிப்பு வந்திருப்பதைத் தெரிவித்துவிட்டு, எப்போது நிறுவுவது என்ற முடிவை உங்களிடமே விட்டுவிடச் சொல்லலாம். இணைய டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டியவர்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள், அறிவிப்பு வரும்போதெல்லாம் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், தேர்வின் பயனே போய்விடும்.

விண்டோஸில் இயங்கும் குரோமின் அமைப்புகளில் புதுப்பிப்பை நிறுத்தும் பொத்தான் இல்லை. அதனால் பின்னணியில் இயங்கும் புதுப்பிப்புச் சேவையை முடக்குவது, அதன் கோப்புறையின் பெயரை மாற்றுவது போன்ற உத்திகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து அவற்றைப் பின்பற்றாதீர்கள். முடக்கியதை மறந்துவிடுவது மிக எளிது. அதன்பின் ஓட்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும், எந்த எச்சரிக்கையும் வராமலே போகலாம்.

அடிக்கடி மாறும் தோற்றமும் வசதிகளும்தான் உங்கள் தொந்தரவு என்றால், அதற்கு முறையான வழி இருக்கிறது. ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் 2012 முதல் வெளிவருகிறது. அதில் பெரிய மாற்றங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பாதுகாப்புத் திருத்தங்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். அலுவலகக் கணினிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். உங்கள் உலாவியை நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி அமைப்புகளில் தெரிந்தால், புதுப்பிப்பு விதிகளை வகுத்திருப்பவர் உங்கள் கணினித் துறை நிர்வாகியாக இருக்கலாம், அவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசி குரோம், 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. அந்தக் கணினிகளில் அபவுட் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும் அடுத்த பதிப்பு வராது. அங்கே முதலில் மாற்ற வேண்டியது இயங்குதளத்தைத்தான்.