விசில் வராத நடத்துநர்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை பஸ்ஸில் போயிருப்பீர்கள். நடத்துநர் தன் இருக்கையில் இருந்தபடியே விசில் ஊதுவார், முன்னால் ஓட்டுநர் வண்டியை எடுப்பார். நரம்பும் தசையும் அப்படித்தான், ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு இடைவெளி. நரம்பில் வரும் மின்துடிப்பு அந்த விளிம்போடு நின்றுவிடும். அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் விசிலாகப் போய்ச் சேரும். அதைக் கேட்கத் தசையின் மேல் காதுகள் உண்டு, ஏற்பிகள் என்போம். கேட்டதும் தசைக்குள் கால்சியம் விடுபடும், இழைகள் வழுக்கி நகரும், தசை சுருங்கும். விசிலை உடனே அடக்க ஒரு நொதியும் பக்கத்திலேயே காத்திருக்கிறது. அந்த நொதியை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

விசில் என்று சும்மா சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தவர் ஒரு பஸ் நடத்துநர். காலை முதல் நடையில் அவர் விசில் அடுத்த நிறுத்தம் வரை கேட்குமாம். சாயங்காலம் ஊதினால் உதட்டோரம் வெறும் காற்று. இமைகள் பாதிக் கண்ணுக்கு இறங்கிவிடும், பத்து ரூபாய்த் தாள் இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். பயணிகள் என்ன நினைப்பார்கள்? குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனிதர் வெற்றிலைகூடப் போடாதவர். அவர் மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது: "காலையில் நன்றாகத்தான் இருக்கிறார், ஐயா."

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு கண்ணின் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தேன். எடுத்ததும் அந்தக் கண் மட்டும் திறந்தது, மற்றது தொங்கியபடியே இருந்தது. அந்த அம்மா அழுதுவிட்டார். குளிரில் நான் சொன்ன நொதி மந்தமாகிறது, விசில் சற்று நீள்கிறது என்பார்கள். நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சரி, தசையும் சரி. உடம்பின் எதிர்ப்பாற்றலே வழிதவறி ஏற்பிகளை அடைக்கிறது, அழிக்கிறது. 1934இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், அந்த நொதியை அடக்கும் மருந்தை ஊசியாகப் போட்டுத் தொங்கிய இமையை எழவைத்தார். நம் நடத்துநருக்கு அதே வகை மாத்திரை. மூன்றாவது வாரம் வந்து, வாசலில் நின்று விசில் ஊதிக் காட்டினார். காவலாளி பதறி ஓடி வந்தார்!

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால், நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். பாம்புக்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று. நல்ல பாம்பின் விஷம் தசையின் அந்தக் காதை அடைக்கும், கட்டுவிரியன் விஷம் விசிலையே பிடுங்கிவிடும். பூச்சிமருந்து சிலவற்றில் நொதி முடங்கி, விசில் ஓயாமல் ஊதி, தசை துடித்துத் துவளும். கட்டுவிரியன் தரையில் படுத்தவரை இரவில் கடிக்கும், வலியும் தடமும் தெரியாமலே போகலாம். விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்தவருக்கு இமை சொருகினால் தூக்கக் கலக்கம் என்று படுக்கவைக்காதீர்கள், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.