ஹூஸ்டனில் ஒரு சனிக்கிழமை நடை

வணக்கம் நேயர்களே. சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மையத்தில் காபிக்காக அலைந்தேன். அந்த நாட்டின் நான்காவது பெரிய நகரம் அது. எழுபது மாடிக்கு மேல் உள்ள கோபுரங்களே இரண்டு இருக்கின்றன. ஆனால் தெருவில் என்னையும் ஒரு காவலாளியையும் தவிர ஆளில்லை. கடையெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் கட்டைவிரலால் தரையைக் காட்டினார். "எல்லாம் கீழே இருக்கிறது. இன்றைக்குத் திறக்க மாட்டார்கள், திங்கட்கிழமை வாருங்கள்."

அவர் விளையாடவில்லை. நகர மையத்துக்கு அடியில் சுமார் 6 மைல் நீளத்துக்குச் சுரங்க நடைபாதைகள் ஓடுகின்றன. சாப்பாட்டுக் கடை, முடி திருத்தகம், செருப்புத் தைக்கும் இடம் எல்லாம் அதற்குள்தான். ஹூஸ்டன் வெயிலும் புழுக்கமும் தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் தனியார் கட்டடங்களின் அடித்தளம் அது. அலுவலகம் மூடினால் அதுவும் மூடிவிடும். மேலே தெருவுக்கு மிஞ்சுவது கண்ணாடிச் சுவரும் பார்க்கிங் வாசலும்தான்.

நடக்க ஏற்ற ஊருக்கு முதல் தேவை சின்ன பிளாக், அதாவது தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டடத் தொகுதி சின்னதாக இருக்க வேண்டும் என்று நகரத் திட்டக்காரர்கள் சொல்வார்கள். நூறடிக்கு ஒரு முனை வந்தால் கால் சலிக்காது. அது உண்மைதான். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனால் தெரியும். அங்கே ஒரு பிளாக்கின் ஒரு பக்கம் 660 அடி, தெருவின் அகலம் 132 அடி. சிக்னல் இல்லாத சில இடங்களில் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடிகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து, கார்க்காரர்கள் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு கடந்து, எதிர்ப்பக்கத்தில் செருகிவிட வேண்டும். ரயிலை நிறுத்தப் போகிறவன் மாதிரி நானும் ஒருமுறை கொடியோடு நடந்தேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் ஹூஸ்டன் பிளாக் வெறும் 250 அடிதான்! நடைக்குப் பேர்போன, ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் 200 அடி. பெரிய வித்தியாசமே இல்லை. அளவு ஒன்றாக இருந்தும் ஓர் ஊரில் மட்டும் ஏன் ஆள் நடக்கிறார்கள்?

என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் காரணம். போர்ட்லேண்ட் 1970களில் சில பிடிவாதமான வேலைகளைச் செய்தது. நகர மையத்தில் பார்க்கிங் இடங்களுக்கு உச்சவரம்பு போட்டது. தெருவைப் பார்த்து மொட்டைச் சுவர் எழுப்பக் கூடாது, ஜன்னல் வேண்டும் என்று கட்டட விதியிலேயே எழுதியது. ஆற்றங்கரையில் ஓடிய நெடுஞ்சாலையை 1974இல் மூடிப் பூங்காவாக்கியது. ஊர் நடுவே இரண்டு மாடி பார்க்கிங் இருந்த இடம், 1984இல் செங்கல் பதித்த சதுக்கமாகத் திறந்தது. அந்தச் செங்கற்களில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. குனிந்து படித்துக்கொண்டே போனால் அரை மணி நேரம் போவது தெரியாது.

சரி, போர்ட்லேண்ட் சொர்க்கமா? இல்லை. கொரோனாவுக்குப் பிறகு அங்கேயும் அலுவலகங்கள் நிறையக் காலி, பல கடைகளில் பூட்டு. தரைத்தளத்தில் ஜன்னல் வைக்கச் சட்டம் போடலாம், அதற்குப் பின்னால் வியாபாரம் நடக்கச் சட்டம் போட முடியாது.

ஹூஸ்டனும் சும்மா இருக்கவில்லை. பார்க்கிங் மைதானங்களாகக் கிடந்த 12 ஏக்கரில் 2008இல் டிஸ்கவரி கிரீன் என்ற பூங்காவைத் திறந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கடைசியில் காபி கிடைத்தது அதன் பக்கத்தில்தான். நீரூற்றில் குழந்தைகள் நனைந்து கத்திக்கொண்டிருந்தார்கள், பெற்றோர்கள் துண்டோடு நின்றார்கள். காபியை முடித்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பினேன். இரண்டு பிளாக் தாண்டியதும் மறுபடியும் என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.