கருந்துளைக்குத் தரை இல்லைன்னு எப்படித் தெரியும்?

[திரையில்: எம்87 கருந்துளையின் ஆரஞ்சு வளையம்]

2019 ஏப்ரல் 10 அன்னைக்கு வெளியான இந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. எம்87ங்கிற விண்மீன் மண்டலத்தோட நடுவுல இருக்கிற கருந்துளை இது; சூரியனைப் போல சுமார் 650 கோடி மடங்கு நிறை. நடுவுல இருக்கிற இருட்டைக் காட்டி, இதுதான் நிகழ்வெல்லை, அதாவது ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லைன்னு பலரும் சொல்றாங்க. இல்லைங்க. அது கருந்துளையோட நிழல்; பக்கத்துல வர்ற ஒளியை அது வளைச்சு விழுங்குறதால தெரியிற இருட்டு. நிகழ்வெல்லை அதுக்கும் உள்ளே இருக்கு. நிழல் அதைவிட சுமார் ரெண்டரை மடங்கு பெருசு.

அப்போ, அந்த எல்லை நிஜமாவே இருக்கா? இருந்தா, விழுற வாயு தங்குறதுக்கு அங்கே தரை இருக்காது. வரவேண்டிய ஒரு வெளிச்சம் வராம இருக்கிறதுதான், என்னைப் பொறுத்தவரை, இதுக்கு ரொம்ப அழகான சாட்சி.

[அனிமேஷன்: துணை நட்சத்திரத்திலிருந்து வாயு சுழன்று விழுகிறது]

முதல்ல ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைப் பாப்போம்; பெரிய நட்சத்திரம் வெடிச்சதும் மிஞ்சுற, நெருக்கமா நசுங்கின கரு அது, அதுக்குத் தரை உண்டு. குறுக்களவு 20, 25 கிலோமீட்டர்தான். பக்கத்துல சுத்துற துணை நட்சத்திரத்துலருந்து ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துக்கிட்டே இருக்கும். வந்த வாயு மேற்பரப்புல அடுக்கடுக்கா சேரும். அடி அடுக்கு நசுங்கி, சூடேறி, ஒரு கட்டத்துல அணுக்கருப் பிணைவு கட்டுமீறிப் பத்திக்கும். சில வினாடியில எக்ஸ் கதிர் எகிறி, அடுத்த கொஞ்ச நேரத்துல அடங்கிடும். மறுபடி வாயு சேரும், மறுபடி வெடிக்கும். சிலதுல சில மணி நேரத்துக்கு ஒரு தடவை!

[அனிமேஷன்: அதே அமைப்பு, நடுவில் கருந்துளை]

இப்போ அதே இடத்துல, சூரியனைப் போல பத்து மடங்கு நிறையுள்ள கருந்துளை. அதே மாதிரி துணை, அதே வாயு. எக்ஸ் கதிர் தொலைநோக்கிகள் பல வருஷமா பாத்தும், இந்த வகை வெடிப்பு உறுதியா ஒண்ணுகூடச் சிக்கலை. 2002ல வானியற்பியலாளர்கள் ரமேஷ் நாராயணும் ஜெரமி ஹெய்லும் கணக்குப் போட்டுப் பாத்தாங்க: அங்கே ஒரு மேற்பரப்பு இருந்திருந்தா, பல நிலைகள்ல வெடிப்பு வந்தே ஆகணும். விழுந்த வாயு சேர்றதுக்கு அங்கே தரையே இல்லைன்னுதான் இது காட்டுது.

நம்ம பால்வெளி நடுவுல இருக்கிற சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்ங்கிற பெரிய கருந்துளையும் இதையேதான் சொல்லுது. சுமார் 40 லட்சம் சூரிய நிறை. வாயு ஒரு தரையில மோதி நின்னா, அந்தத் தரை சூடாகி அகச்சிவப்புல ஒளிரணும். அந்த ஒளியும் இல்லை.

ஆனா இதை இறுதி நிரூபணம்னு சொல்ல மாட்டேன். நிகழ்வெல்லைக்கு மயிரிழை வெளியே ஒரு தரை இருந்தா, அதோட ஒளி ஈர்ப்பால அவ்வளவு மங்கிடும்; நம்ம கருவிக்கு எட்டாது. அதனால இப்போ ஈர்ப்பு அலையிலயும், அதாவது காலவெளியில பரவுற அதிர்வுலயும் தேடுறாங்க. ரெண்டு கருந்துளை மோதி ஒண்ணானதும், உள்ளே தரை இருந்தா அலை அதுல பட்டு எதிரொலிக்கலாம். 2015 செப்டம்பர் 14ல பிடிச்ச முதல் அலையிலிருந்தே தேடுறாங்க. உறுதியான எதிரொலி எதுவும் கிடைக்கலை.