விமர்சனத்தை விட்டு ஓடும் சிறுவன்: 1874ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றின் கதை

(காட்சி: திரை முழுக்க ஓவியம். கேமரா மெதுவாகச் சிறுவனின் பாதத்தை நெருங்குகிறது.)

முதலில் இந்தப் பாதத்தைப் பாருங்கள். செருப்பில்லாத கால், சட்டத்தின் கீழ்விளிம்பில் ஊன்றியிருக்கிறது. கைகள் இரண்டும் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பற்றியிருக்கின்றன. தலை ஏற்கெனவே வெளியே வந்தாயிற்று. விட்டால் பையன் தரையில் குதித்துவிடுவான்.

ஆனால் அவன் பிடித்திருக்கும் அந்தச் சட்டம் மரச்சட்டம் இல்லை. அதுவும் வரைந்ததுதான்.

(காட்சி: ஓவியரின் பெயரும் ஆண்டும்.)

ஓவியரின் முழுப்பெயர் பெரே போரெல் தெல் காசோ. ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் 1835இல் பிறந்தவர், பார்சிலோனாவில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர், 1910இல் இறந்தார். இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தை 1874இல் தீட்டினார். தலைப்பு, ‘விமர்சனத்திலிருந்து தப்பித்தல்’. மாட்ரிட்டில் உள்ள ஸ்பெயின் மத்திய வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் சுமார் 75 சென்டிமீட்டர், அவ்வளவுதான்.

சரி, நம் கண் எப்படி ஏமாறுகிறது?

(காட்சி: விரல்களும் சட்டத்தில் விழும் நிழலும், மிக நெருக்கத்தில்.)

ஓவியம் என்றாலே சட்டத்துக்குள் இருப்பது படம், வெளியே இருப்பது நம் உலகம் என்று கண் பழகிவிட்டது. போரெல் கைவைத்தது அந்தப் பழக்கத்தில்தான். ஒரு பொருள் இன்னொன்றை மறைத்தால், மறைப்பது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மூளை உடனே முடிவு கட்டிவிடும். விரல்கள் சட்டத்தை மறைக்கின்றன, பாதமும் மறைக்கிறது. அதனால் பையன் சட்டத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டான்! போதாததற்குக் கைகால்களின் நிழலையும் சட்டத்தின் மேலேயே விழ வைத்திருக்கிறார். போனில் இந்தப் படத்தைத் திறந்து, அந்த நிழல்களைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். பையன் பாதி தூரம் உள்ளே போய்விடுவான்.

பின்னணி முழுக்க இருட்டு. அதுவும் யோசித்துச் செய்ததுதான். பின்னால் ஒரு அறையோ தெருவோ வரைந்திருந்தால், பக்கத்தில் வந்து இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது, அந்த ஆழம் பொய் என்று தெரிந்துவிடும். கண்ணை ஏமாற்றும் ஓவியங்களில் ஆழம் குறைவாக இருந்தால்தான் பொய் நிற்கும். ஒரு கை நீளத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார் போரெல்.

(காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, காலை நேரம்.)

இந்த ஓவியத்தை இப்போது எடுத்துப் பேசக் காரணம், இங்கே புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு ஓவிய மாணவி. ஒரு கண்காட்சியில் தன் கடல் ஓவியத்தை வைத்திருந்தார். சாம்பலும் ஊதாவும் கலந்த கடல், ஓரத்தில் நங்கூரம் போட்ட ஒரு படகு. பார்க்க வந்த ஒரு பெரியவர் நாலு பேர் முன்னால் சொன்னார்: “ஏம்மா, கடல் இப்படியா இருக்கும்? காலண்டர்ல இதவிட நல்லா இருக்குமே.” அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தப் பெண் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

எனக்கு உடனே பாரிஸ் ஞாபகம் வந்தது. போரெல் இந்தப் பையனை வரைந்த அதே 1874இல்தான் அங்கே பிரெஞ்சு ஓவியர் மோனே தன் ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அதுவும் துறைமுகக் கடல்தான். லூயி லெருவா என்ற பத்திரிகையாளர், அரைகுறையாக அச்சான சுவர்க்காகிதம்கூட இந்தக் கடலைவிட முழுமையாக இருக்கும் என்ற பொருளில் எழுதினார். அங்கே சுவர்க்காகிதம், இங்கே காலண்டர். இடையில் நூற்றைம்பது வருஷம் போயிருக்கிறது, வசவு அப்படியே இருக்கிறது.

இப்படி அடி வாங்கிய ஓவியர்கள் பலவிதமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் விஸ்லர், பார்ப்பவர் முகத்தில் பெயின்ட் டப்பாவை வீசியவர் என்று தன்னைப் பற்றி எழுதிய ஆங்கிலேய விமர்சகர் ரஸ்கின் மேல் லண்டனில் வழக்கே போட்டார். 1878இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, ஆனால் நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்திங். அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் சேர்ந்து அழுத்த, அடுத்த வருஷமே திவாலானார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1644இல் ஒரு பேனாச் சித்திரத்தில் விமர்சகருக்குக் கழுதைக் காது வைத்து உட்கார வைத்துவிட்டார்.

(காட்சி: மறுபடி சிறுவனின் முகம்.)

போரெலின் ஓவியத்தில் விமர்சகரையே காணோம். கழுதைக் காதும் இல்லை, நீட்டிய விரலும் இல்லை. ஓடுகிறவன் மட்டும்தான் இருக்கிறான். அவன் முகத்தில் வெற்றிக் களிப்பு துளியும் இல்லை. கண்கள் அகல விரிந்திருக்கின்றன, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, சட்டை தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது. பயந்துபோயிருக்கிறான். வலிக்கவில்லை என்று போரெல் நடிக்கவில்லை. இந்த ஓவியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் எந்தப் பக்கம் ஓடி வருகிறான்? நம் பக்கம். ஓவியத்தைப் பார்க்கிறவர்கள், நல்லது கெட்டது சொல்கிறவர்கள் எல்லாரும் நிற்கிற பக்கம். விமர்சனத்துக்குத் தப்பி ஓடுகிற பையனுக்கு வெளியே போக வேறு வழி கிடையாது. நேராகக் கூட்டத்துக்குள்தான் குதித்தாக வேண்டும்.

கிரேக்க ஓவியர் அப்பெல்லெஸ் இதற்கு நேர் எதிர். ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை இது. அப்பெல்லெஸ் தன் ஓவியத்தைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாராம். ஒரு செருப்புத் தொழிலாளி, காலணியில் ஒரு வார் குறைகிறது என்றார். அப்பெல்லெஸ் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் உற்சாகமாகி, கால் வரைந்த விதத்திலும் குறை சொல்ல ஆரம்பித்ததும், பின்னாலிருந்து தலையை நீட்டி, செருப்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னாராம். தொழில் தெரிந்தவர் தன் தொழிலைப் பற்றிச் சொன்னது தங்கம், மற்றதைக் காற்றோடு விடலாம் என்று அப்பெல்லெஸுக்குத் தெரிந்திருந்தது.

(காட்சி: வைத்திக்குப்பம் கரையில் படகுகள்.)

இந்தக் கதையை நான் சொன்ன பிறகு, அந்த மாணவி தன் ஓவியத்தை வைத்திக்குப்பத்துக்கு எடுத்துப்போய் ஒரு மீனவரிடம் காட்டினார். அவர் கடலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படகைத்தான் பார்த்தார். “கொடி வடக்க பறக்குது. அப்ப காத்து தெக்கேருந்து வருது. நங்கூரம் போட்ட படகு காத்துக்கு மூஞ்சி காட்டித்தான் நிக்கும். நீ முதுகக் காட்ட வச்சிருக்கியே பாப்பா.”

அன்றைக்கே படகைத் திருப்பி வரைந்தார். கடலின் சாம்பலும் ஊதாவும் அப்படியே இருக்கின்றன. அதே ஓவியத்தை அடுத்த கண்காட்சிக்கும் கொடுத்திருக்கிறார்.