நீலக் கம்பியைக் காணோம்

வணக்கம் நேயர்களே. வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, “அண்ணே, வீட்டு இன்டர்நெட் மெதுவாகப் போவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்” என்றார்கள். பத்து போதாது என்றேன். சரி, பன்னிரண்டு என்றார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதைதான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுங்கை சிப்புட்காரன். 1984இல் மலேசிய டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்தேன். 1987 ஜனவரியில் இலாகா கம்பெனியாக மாறியது. எனக்கு அதே ஏணி, அதே இடுப்புப் பெல்ட்டு, சட்டை மட்டும் புதுசு. எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன்தான் அறுபதுகளில் தபாலுக்கும் டெலிபோனுக்கும் சேர்த்து அமைச்சராக இருந்தார். அப்படி இருந்தும் நான் பிறந்த லயத்தில் போன் கிடையாது. தோட்டத்து ஆபீசில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று, அவ்வளவுதான். சாவு செய்தி என்றால் கிராணி சைக்கிளில் வந்து சொல்லுவார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், மழைக்காலம். ஒரு தோட்டத்து ஆபீசில் போன் செத்துவிட்டது. ரோட்டு முனையிலிருந்து ஆபீஸ் வரைக்கும் 32 கம்பம். கித்தா (ரப்பர்) மரத்துக்கு நடுவில் போகிற பாதை, அட்டை ஏறாத கால் இல்லை. நான் முதல் கம்பத்தில் ஏறினேன், சோதித்தேன், இறங்கினேன். இரண்டாவதில் ஏறினேன், இறங்கினேன். மூன்றாவதில் ஏறும்போது கீழே நின்ற மலாய்க்கார மேஸ்திரி, வயசானவர், சிகரெட்டை எடுக்காமலே “தெங்ஙா டூலு” என்றார். முதலில் நடு. எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து 16ஆவது கம்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே சோதித்தால் ரோட்டுப் பக்கம் சத்தம் இருந்தது, ஆபீஸ் பக்கம் இல்லை. அப்படியென்றால் முதல் 16 கம்பத்தை மறந்துவிடலாம். அடுத்தது 24. அப்புறம் 20. ஐந்தே ஏற்றத்தில் இடம் தெரிந்துவிட்டது. என் கணக்கில் போயிருந்தால் பொழுது சாய்ந்திருக்கும், நானும் காய்ச்சலில் படுத்திருப்பேன்.

தெங்ஙா டூலு. இந்த இரண்டு வார்த்தையைத் தவிர இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

போன வருஷம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு 500 வேக லைன், அதாவது வினாடிக்கு 500 மெகாபிட், போட்டார்கள். மகள் ஜொகூரில், பேரப்பிள்ளை முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும், அதற்காக. முன்னால் இருந்தது 100. மாசக் கட்டணம் ஏறிவிட்டது, வேகம் ஏறவில்லை. “அண்ணே, காசு மட்டும் ஐந்நூறுக்குப் போகுது, வேகம் நூறையே தாண்ட மாட்டேங்குது” என்றார். சோதித்துப் பார்த்தால் 94. மறுபடி பார்த்தால் 93. விடியற்காலையில் பார்த்தாலும் 94.

நேயர்களே, இந்த 94ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். லைன் நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஆடும். காலையில் 300, இரவில் 80 என்று ஏறி இறங்கும். எந்த நேரம் பார்த்தாலும் ஆணி அடித்ததுபோல் 94இல் நிற்கிறது என்றால், வழியில் எங்கேயோ 100 என்ற வாசல் ஒன்று இருக்கிறது. பின் ஏன் 100 காட்டாமல் 94 காட்டுகிறது என்று கேட்பீர்கள். அரிசி மூட்டையை எடை போட்டால் சாக்கின் எடையும் சேர்ந்துதானே வரும்? தகவல் ஒவ்வொரு பொட்டலமாகப் போகிறது, ஒவ்வொன்றுக்கும் விலாசம் எழுதிய உறை உண்டு. உறையைக் கழித்தால் மிச்சம் 94 சொச்சம்.

எண்ணைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ஒட்டுக்கடையில் ஒரு தம்பி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், “500 வாங்கினேன், படம் இறக்கினால் 60தான் காட்டுது” என்று. தம்பி, கம்பெனிக்காரன் பிட்டில் சொல்கிறான், உங்கள் கணினி பைட்டில் காட்டுகிறது. எட்டுப் பிட் ஒரு பைட். 500ஐ எட்டால் வகுத்தால் 62 சொச்சம். உங்களுக்கு முழு அளவு வந்துகொண்டிருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்றேன்.

சரி, ஆசிரியை வீட்டுக்கு வருவோம். இணையக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் தன் கணினியைச் சொருகினான், 500 வந்தது. “லைன் நல்லா இருக்கு ஆன்ட்டி” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் கழித்து இன்னொருவன் வந்தான், அவனும் அதையே சொன்னான். அம்மாவுக்குக் கோபமான கோபம். ஆனால் அவர்கள் சொன்னது பொய் இல்லை. ரோட்டிலிருந்து சுவர் வரைக்கும் சரி என்று இரண்டு பேர் சோதித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பாஷையில் சொன்னால் முதல் 16 கம்பம் சரி. கோபப்பட என்ன இருக்கிறது? பாதி வேலை முடிந்தது.

மருமகன் விவகாரமானவர். இன்டர்நெட்டை வீடு முழுக்கப் பிரித்துக் கொடுக்கிற ரூட்டர் பெட்டிதான் பழசு என்று முடிவு கட்டி, 400 ரிங்கிட்டுக்கு ஆறு கொம்பு வைத்த புதுப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினார். மாட்டினார்கள். 94. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆள் வந்தது.

நான் போய் என்ன செய்தேன்? வைஃபையைத் தொடவே இல்லை. வைஃபையில் சோதித்தால் சுவர், தூரம், போனின் வயசு எல்லாம் குறுக்கே வரும், எது குற்றவாளி என்று தெரியாது. என் கணினியை, என் கையில் இருந்த நல்ல வயரால், நேராக ரூட்டரில் சொருகினேன். அதுதான் வீட்டுக்குள் நடுக் கம்பம். 94 வந்தது. அப்படியென்றால் படுக்கையறை, மாடி, சுவர், டிவி எல்லாம் தப்பித்தன. சுவர்ப் பெட்டி வரைக்கும் சரி என்று முன்பே தெரியும். மிச்சம் இருப்பது புது ரூட்டர், அப்புறம் சுவர்ப் பெட்டியையும் ரூட்டரையும் சேர்க்கிற ஒரு முழ வயர். ரூட்டரைத்தான் மாற்றியாகிவிட்டதே!

அந்த வயரைக் கழற்றினேன். வெள்ளையாக, நாடா மாதிரி தட்டையாக, பார்க்க அழகாக இருந்தது. பழைய வயரை எலி கடித்துவிட்டதாம், பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், ஐந்து ரிங்கிட்டுக்கு வாங்கியது இது. நுனியில் கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் முளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தங்கநிறப் பல் எட்டு இருக்கிறது. எண்ணினேன், எட்டேதான். ஆனால் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிற கம்பி? ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, அப்புறம் இரண்டு பல் வெறுமை, அடுத்து பச்சை, அதற்கப்புறம் மறுபடி வெறுமை. நான்கே கம்பி.

நீலத்தைக் காணோம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் நீலமும் வெள்ளையும்தான் முதல் ஜோடி. கம்பத்தில் ஏறியதும் கை தானாகத் தேடுகிற நிறம் அது. இந்த நாட்டில் எத்தனையோ கல்யாணப் பேச்சு அந்த நீல ஜோடியில்தான் நடந்திருக்கிறது. அந்த நீலமே இல்லாத ஒரு வயர். நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை.

விஷயம் என்னவென்றால், 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும். 1000 வேகத்துக்கு, அதாவது கிகாபிட் என்கிறார்களே அதற்கு, நான்கு ஜோடியும் வேண்டும். 1999இலேயே வகுத்த விதி அது. இரண்டு பெட்டிகளும் வயர் வழியே முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். நான்கு ஜோடி கிடைக்கவில்லை என்றால் சண்டை போடாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கும் எரியும், எல்லாம் வேலை செய்யும், வேகம் மட்டும் 94. முன்னால் 100 லைன் இருந்தபோது இந்த வயரால் ஒரு கெடுதலும் இல்லை, அதனால் யாருக்கும் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. எட்டுக் கம்பி உள்ள வயரிலும் நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி உள்ளே அறுந்துபோனால் இதே கதைதான். கதவிடுக்கில் மாட்டி நசுங்கிய வயர், நாற்காலிக் காலுக்கு அடியில் கிடக்கிற வயர், எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள். ரூட்டர் வாங்கும் முன்னால் வயரை மாற்றிப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், 400 ரிங்கிட் செலவழிக்கும் முன்னால் பத்து ரிங்கிட் செலவழித்துப் பாருங்கள்.

ரூட்டரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அட்டைப்பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அது வைஃபையின் இரண்டு அலைவரிசையையும், 300ஐயும் 867ஐயும் கூட்டி, கொஞ்சம் தாராளமாக மேலே ஏற்றிச் சொன்ன எண். அதே பெட்டியின் பின்பக்கத் துளைகள் வெறும் 100ஆக இருக்கும். வாங்கும்போது கொட்டை எழுத்தை விடுங்கள், அடியில் இருக்கிற பொடி எழுத்தில் கிகாபிட் என்றோ 1000 என்றோ இருக்கிறதா என்று கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை.

வயரை மாற்றினேன். சோதித்தேன். 310. அம்மாவுக்குச் சந்தோஷம், காப்பி கலக்கப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. 500க்குக் காசு கட்டிவிட்டு 310க்குக் காப்பி குடிப்பதா?

இப்போது மிச்சம் இருப்பது ரூட்டர் மட்டும்தான். உள்ளே போய்ப் பார்த்தால், மருமகன், பேரன் வந்து தங்கும்போது உதவும் என்று, பிள்ளைக் கண்காணிப்பு என்ற வசதியைப் போட்டு வைத்திருக்கிறார். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளும். கூடவே யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரிக்கிற வசதியும் ஓடுகிறது. இது எப்படி என்றால், செம்பனை ஆலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பழக்குலை ஏற்றிய லாரி வரிசையாக நிற்கிறது. வாசலில் இருப்பவர் ஒரு தோட்டத்து முதல் லாரியைப் பார்க்கிறார், சரி, இந்தத் தோட்டம், இந்த வழி என்று சீட்டுக் கொடுக்கிறார். அதே தோட்டத்தின் அடுத்த லாரிகள் சீட்டைக் காட்டிவிட்டு நிற்காமல் போகும். ரூட்டர்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. முதல் பொட்டலத்தை மட்டும் அதன் மூளை பார்க்கும், மிச்சத்தைத் தனியாக ஒரு சில்லு தள்ளிவிடும். நீங்கள் கண்காணிக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொரு லாரியையும் நிறுத்து, ஒவ்வொரு குலையையும் புரட்டிப் பார், நோட்டில் எழுது என்று ஆகிவிடும். வாசலில் இருப்பவர் ஒரே ஆள். 100 லாரி வந்தபோது சமாளித்தவர், 500 வந்தால் திணறுவார். ரூட்டரின் மூளை சின்னது, நேயர்களே. கொம்பு ஆறு இருக்கலாம், மூளை ஒன்றுதான்.

இரண்டையும் நிறுத்தினேன். ஐந்நூறை ஒட்டி வந்துவிட்டது. பேரனைக் கண்காணிப்பது யார் என்று அம்மா கேட்டார். நீங்கள்தான் என்றேன்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். வைஃபை பற்றி நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். வயரில் சரியாக வந்து வைஃபையில் வரவில்லை என்றால் ரூட்டர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் அதை ஷோகேஸுக்குள் வைக்கிறோம், பின்னால் கண்ணாடி, முன்னால் குத்துவிளக்கு, வெள்ளித்தட்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உலோகப் பூச்சும் விளக்கும் அலையைத் திருப்பி அடிக்கும். மீன்தொட்டி இருந்தால் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். வெளியே, உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் இருக்கும்போது 5 என்ற அலைவரிசையில் சேருங்கள். 2.4 என்ற அலைவரிசை தூரம் போகும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டு வைஃபையும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்ளும். பழைய ரூட்டரில் பாதுகாப்பு முறை டிகிப் (TKIP) என்று இருந்தால் மாற்றிவிடுங்கள், அது 54க்கு மேல் போக விடாது.

ஒரு விரல் ஆகிவிட்டது. இடி பற்றி ஒரே வரி: ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது, மின்சாரக் கம்பியில் வரும், அதனால் இடி மழை நெருங்கும் முன்னாலேயே கரண்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கடவுச்சொல் மாற்றுவது பற்றியும் சொல்ல இருந்தேன், அதற்கு நேரமில்லை.

அந்த நான்கு கம்பி வயர் இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. நீலம் இல்லாத வயர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் நண்பர் கடைக்கு வரலாம், சாயந்தரம் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வயரையும் கையோடு எடுத்து வாருங்கள், எண்ணிப் பார்ப்போம். வணக்கம்.