ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே குறை

(காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது, எழுத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. முகூர்த்த நாள், பந்தியை விட்டுட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் ஆரம்பிக்கிறேன்.

நம்ம பக்கம் பிள்ளை கொழுகொழு என்று இருந்தால் நல்லா சாப்பிடுகிற பிள்ளை என்போம். ஒல்லியாக இருந்தாலோ அப்பத்தாவிலிருந்து எதிர்வீட்டு அக்கா வரைக்கும் "ஏன் கண்ணு, உங்கம்மா சோறே போடறதில்லையா"ன்னு கேட்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் குறை ஒன்றுதான். வயிறு நிறைகிறது, பருப்பும் முட்டையும் கீரையும் பழமும் உள்ளே போவதில்லை.

1990இல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் சுமார் 4 லட்சம் பேர், 2022இல் 1 கோடியே 25 லட்சம். லான்செட் மருத்துவ இதழில் 2024இல் வந்த கணக்கு இது. அடுத்த வருடம் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப், உலகம் முழுக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களை (9.2 சதவீதம்) பருமனானவர்கள் (9.4 சதவீதம்) முதல்முறையாகத் தாண்டிவிட்டார்கள் என்றது. தெற்காசியாவில் இன்னும் அப்படி ஆகவில்லை, ஆனால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, பழைய கஷ்டம் தீரும் முன்பே புதியது வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பாதிக்கும் மேல், 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

சரி, இங்கே என்ன நடக்கிறது? அப்பா, அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனி, ஷிப்ட் முடிந்து வர எட்டு மணி ஆகிறது. நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வருகிற பிள்ளைக்கு டியூசனுக்கு முன்னால் என்ன கிடைக்கும்? தெருமுனை பேக்கரிதான். பப்ஸ், தேங்காய் பன், ஒரு டீ. மைதா, எண்ணெய், சர்க்கரை, அதற்கு மேல் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிற டீ. கால் லிட்டர் கோலா குடித்தால் ஆறு டீஸ்பூனுக்குக் குறையாத சர்க்கரை. இதில் யாரைக் குறை சொல்வது? அம்மாவை மட்டும் சொல்லாதீர்கள், அது ரொம்பச் சுலபமான வேலை.

இன்னொன்று, கோபப்படாதீங்க. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் அஞ்சாவது வரைக்கும் காலை உணவு, பத்தாவது வரைக்கும் மதியம் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாள் முட்டை. கடன் வாங்கியாவது பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறோமே, அந்த நாளிலிருந்து இது எல்லாம் நின்றுபோகிறது. டிபன் பாக்ஸில் எலுமிச்சம் சாதமும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் போகிறது. பக்கத்து நாமக்கல்லில் லாரி லாரியாக முட்டை ஏறி வெளிநாடு வரைக்கும் போகிறது, நம்ம பிள்ளை தட்டில் மட்டும் இல்லை. ஃபீஸ் கட்டும்போது இந்த முட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடனே சிலர் கம்பு, ராகிக்குத் திரும்பச் சொல்வார்கள். திரும்பலாம், கம்மங்கூழ் நல்லதுதான், ஆனால் சர்க்கரையை அள்ளிப் போட்ட ராகி பிஸ்கட்டை வாங்கிக்கொடுத்துவிட்டுப் பாரம்பரியம் என்று நினைக்க வேண்டாம். அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கொஞ்சம் கூடப் போடுங்கள். பேக்கரிக்குக் கொடுக்கிற காசில் வேகவைத்த கடலைக்காய், தட்டைப்பயறு, ஒரு கொய்யா வாங்கிவிடலாம். டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கு டீயே வேண்டாம். அப்புறம் விளையாட்டு, தினம் ஒரு மணி நேரம். பொம்பளைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வயசுக்கு வந்ததும் அவர்களை உள்ளே உட்கார வைத்துவிடுகிறோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் பாருங்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ கணக்கில், பெரியவர்களுக்கான அளவைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது, வயசுக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் தனி அட்டவணை உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்குகிறார்களா என்று விசாரியுங்கள். குண்டாக இருக்கிற பிள்ளைக்குக் கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.