உடலின் எடை எந்தக் காலில்?

(மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் நகரில் இளம் ஓவியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மனித உருவம் வரையப் பழகுவோரின் தாள்களில் முகம், அதிலும் கண், மிகுந்த கவனத்தோடு தீட்டப்பட்டிருக்கும்; உடலோ தரையில் ஊன்றாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே கண்ணையும் இமையையும் சற்று ஒத்திவைத்து, உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் ஒரு காலில் எடையை ஊன்றி நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது, அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது, கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழாக இறக்கிய கோடு எடை தாங்கும் பாதத்தருகே வந்து சேர்கிறது. குழலூதும் கண்ணன் திருமேனியில் தலையும் மார்பும் இடுப்பும் மாறிமாறிச் சாயும் திரிபங்க நிலை இந்த அறிவிலிருந்து பிறந்ததே. கோயிலுக்குப் போகும்போது ஒரு பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். கும்பிட்ட பிறகு வரையலாம்.

அடுத்தது அளவு. தலை உயரம் உடலில் எட்டில் ஒரு பங்கு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். அவர் சொன்ன அளவுகளைக் கொண்டே லியோனார்டோ டா வின்சி 1490 அளவில் தம் புகழ்பெற்ற மனித உருவத்தை வரைந்தார். நாம் அன்றாடம் காணும் மனிதர்கள் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரமே இருப்பார்கள். நம் சிற்ப நூல்கள் தலைமுடி எல்லையிலிருந்து முகவாய் வரையுள்ள முகத்தைத் தாளம் என்னும் அலகாகக் கொண்டு உடலை அளக்கின்றன. தலை வேறு, முகம் வேறு என்பதை மறந்து இரு முறைகளையும் கலப்பவர்களின் உருவங்கள் விகாரப்பட்டுப் போகின்றன.

பயிற்சிக்கு நகரை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை. பேருந்து நிலையத்திலும் பசாரிலும் மனிதர்கள் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், சுமக்கிறார்கள். அரை நிமிடத்தில் ஓர் உருவம் என்று நாள்தோறும் வரையுங்கள். அந்த நேரத்தில் விரல்களுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் இடமிராது என்பதால் கண் தானாகவே முதுகெலும்பின் வளைவையும் இடுப்பின் சாய்வையும் தேடும். ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுபவர் உளியை இழுக்கும் கையையும், செம்பனை எனும் எண்ணெய்ப் பனையின் குலையை அறுப்பவர் நீண்ட கோலோடு அண்ணாந்து நிற்கும் நிலையையும் இந்த ஊரில் இருந்துகொண்டே வரையாதவர்கள், தொலைபேசியில் கிடைக்கும் நடிகர் படங்களைப் பார்த்து வரைவது எனக்கு விளங்கவில்லை. அருகிலிருந்து எடுத்த புகைப்படம் முன்னால் நீட்டிய கையைப் பெரிதாக்கிக் காட்டும். அதை நம்பி வரைபவர் அந்தக் கோளாறையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்.

வரைந்தவற்றை வீட்டில் எலும்புப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் படிப்பு. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகச் செல்கிறது. இது தெரிந்தபின் அந்த உளி பிடித்த கையை மறுநாள் மீண்டும் வரைந்தால், மணிக்கட்டு ஏன் அப்படித் திரும்பியிருந்தது என்பது கோட்டிலேயே தெரியும்.

இப்போது முன்வரிசைத் தம்பி ஒருவர் மேடைக்கு வந்து, ஒரு காலில் எடையை ஊன்றி நிற்கட்டும். மற்றவர்கள் தாளை எடுங்கள்; அரை நிமிடம் தருகிறேன்.